பத்து முடிஞ்சிருச்சு, எந்திரிங்க!

போன மாசம் இங்க மெல்பர்ன்ல நண்பர் ஒருத்தர் வீட்டுல கிரகப்பிரவேசம். சாப்பாடு முடிஞ்சு பெருசுங்க எல்லாம் சோபாவுல சாய்ஞ்சு ஊர் நியாயம் பேசிக்கிட்டு இருந்தோம். வழக்கம் போல பேச்சு பசங்க மேல திரும்பிச்சு. "எங்க வீட்டுல பசங்களோட நானும் கேம் ஆடறேன், அஞ்சு பேர் சேர்ந்து ஒரே நாட்டை மாத்தி மாத்தி ஆளறோம்"னு நான் வாயை விட்டேன். எதிர்ல இருந்த பெரியவர் ஒருத்தர் சிரிச்ச சிரிப்பு இருக்கே!

"அஞ்சு பேர் ஒரு நாட்டை ஆளறதா? அப்ப ஜெயிச்சது யாரு? வேலையத்த வேலை சார். அந்த நேரத்துக்கு ரெண்டு கணக்கு போடச் சொல்லுங்க, நாளைக்கு உதவும்."

அவர் ஒரு சங்கத்துக்குத் தலைவரா இருந்தவர். எட்டு வருஷம், ஒரே நாற்காலி. அடுத்து வந்தவர் கிட்ட வங்கிக் கணக்குப் புத்தகத்தைக் கொடுக்கவே நாலு மாசம் ஆச்சுன்னு கேள்வி. அங்க வச்சு எதுவும் சொல்லலை, அடுத்தவர் வீட்டு விசேஷம். ஆனா ராத்திரி பூரா அந்தச் சிரிப்பு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. சொல்ல வேண்டிய பதிலை இங்க சொல்லிடறேன்.

என்ன ஆட்டம் இது?

முதல்ல கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். 2020 ஏப்ரல். ஊரடங்கு. நமக்குச் சொந்த ஊர் இடுக்கி மாவட்டத்துல உடும்பஞ்சோலை. ஏலக்காய் மலை. மலைக்கு இந்தப் பக்கம் இறங்கினா போடி, அந்தப் பக்கம் போனா நெடுங்கண்டம். கோயம்புத்தூர்ல படிச்சிக்கிட்டிருந்த அண்ணன் மகன் ஊருக்கு வந்து மாட்டிக்கிட்டான். போடிமெட்டு செக்போஸ்ட்டை மூடியாச்சு. கீழ இருந்து ஜீப்புல வேலைக்கு வர்ற பொம்பளைங்க வர முடியலை. தோட்டம் அப்படியே கிடந்துச்சு. டொரண்டோவுல தங்கச்சி மகளுக்கு ஸ்கூல் இல்லை. இங்க என் மகனுக்கும் இல்லை. எனக்கு வீட்டுல உக்காந்து பொட்டி தட்டற வேலை.

அண்ணன் மகன் தான் ஆரம்பிச்சான். "சித்தப்பா, சிவிலைசேஷன் ஆடலாமா? எல்லாரும் ஒரே நாடு. ஆளுக்குப் பத்து டர்ன். ஆடிட்டு சேவ் ஃபைலை அடுத்த ஆளுக்கு அனுப்பணும்."

தெரியாதவங்களுக்கு: சிட் மெயர் 1991-ல கொண்டு வந்த ஆட்டம் இது. ஒரே ஒரு குடியேற்றக் கூட்டத்தோட கி.மு. 4000-ல ஆரம்பிச்சு, ஊர் கட்டி, வயல் உழுது, எழுத்து கண்டுபிடிச்சு, அணுகுண்டு, ராக்கெட் வரைக்கும் ஒரு நாகரிகத்தை வளர்க்கணும். சண்டை போட்டும் ஜெயிக்கலாம், விஞ்ஞானத்துலயும் ஜெயிக்கலாம். 2025-ல ஏழாவது பதிப்பு வந்துச்சு, அதுல நம்ம சோழர்களும் இருக்காங்க. நாங்க ஆடினது 2010-ல வந்த அஞ்சாவது. காரணம் சிம்பிள். அண்ணன் மகன் லேப்டாப் அதுக்கு மேல தாங்காது :-)

சாதாரண வேகத்துல மொத்தம் 500 டர்ன். நான், என் மகன், அண்ணன் மகன், தங்கச்சி மகள், கடைசியா தங்கமணி. அஞ்சு பேருக்குப் பத்துப் பத்துன்னா ஒரு சுத்துக்கு 50, பத்து சுத்துல ஆட்டம் முடியும். எல்லார் கிட்டயும் ஒரே பதிப்பு, ஒரே கூடுதல் பாகங்கள் இருக்கணும், இல்லைன்னா ஃபைல் திறக்காது. மத்தபடி ஒரு போட்டோ அனுப்பற மாதிரி தான். இதை நாங்க கண்டுபிடிக்கலை. இந்த ஆட்டத்துல ஊறினவங்க 2000-களோட தொடக்கத்துல இருந்தே இப்படித் தொடர் ஆட்டம் ஆடிக்கிட்டு இருக்காங்க.

இதுல ஒரு வேடிக்கை. கி.மு. 4000-ல ஒரு டர்ன்னா 40 வருஷம். முதல்ல ஆடறவர் கையில 400 வருஷம் இருக்கும். கடைசிச் சுத்துல ஒரு டர்ன் வெறும் ஆறு மாசம். பத்து டர்ன் சேர்ந்தா அஞ்சு வருஷம், சரியா ஒரு சட்டசபைக் காலம்!

மூணே விதி. ஒண்ணு, பத்து முடிஞ்சா எந்திரிக்கணும். ரெண்டு, என்ன செஞ்சோம், ஏன் செஞ்சோம், கஜானாவுல எவ்வளவு மிச்சம்னு ஒரு குறிப்பு எழுதணும். மூணு, தப்பாப் போச்சுன்னு பழைய சேவுக்குத் திரும்பிப் போகக் கூடாது.

இன்னும் ஒரே ஒரு டர்ன்

இந்த ஆட்டத்தை ஆடினவங்களுக்கு ஒரு வியாதி தெரியும். "ஒன் மோர் டர்ன்." இன்னும் ஒண்ணே ஒண்ணு ஆடிட்டுத் தூங்கலாம்னு நினைப்போம். அந்தக் கோட்டை இன்னும் ரெண்டு டர்ன்ல முடியும், அதை மட்டும் பார்த்துடலாம். அது முடியறப்ப கப்பல் ஒண்ணு கரை சேரப் போகும். மணி பார்த்தா விடிகாலை நாலு. ஒரு வேலை முடியறதுக்குள்ள அடுத்தது பாதியில நிக்கற மாதிரியே இந்த ஆட்டத்தைச் செஞ்சிருக்காங்க. எந்திரிக்க நல்ல நேரம்னு ஒண்ணு வரவே வராது.

தனியா ஆடறவனுக்கு இதுக்கு மருந்து கிடையாது. மாத்தி மாத்தி ஆடறவனுக்கு மருந்து விதியிலயே இருக்கு. பத்தாவது டர்ன்ல என் படை எதிரி ஊர் வாசல்ல நிக்கும். இன்னும் ஒரு டர்ன்ல ஊர் விழும். கை நமநமங்கும். ஆனாலும் சேவ் பண்ணி அனுப்பணும். அந்த ஊரைப் பிடிக்கற பேரு டொரண்டோவுல இருக்கற 15 வயசுப் பொண்ணுக்குப் போகும். இல்லைன்னா அவ "எதுக்கு மாமா இந்த வெட்டிச் சண்டை"ன்னு சமாதானம் பேசி படையைத் திருப்பிக் கூட்டிட்டு வருவா. ரெண்டும் எனக்கு நடந்திருக்கு.

முதல் தடவை பயங்கரக் கோபம். "இவ்வளவு தூரம் கொண்டு வந்து வச்சிருக்கேன், கெடுத்துட்டாளே!" அவ குறிப்புல எழுதியிருந்தா (அப்பல்லாம் தமிழை இங்கிலீஷ் எழுத்துல தான் எழுதுவா): கஜானாவுல காசு இல்லை, படைக்குச் சம்பளம் கொடுத்தே நாடு திவாலாகுது, மாமா கவனிக்கலை. போய்ப் பார்த்தேன். உண்மை தான்.

விதியை முதல்ல மீறினது யாருன்னு நினைக்கறீங்க? பசங்க இல்லை. அடியேன் தான். ரெண்டாவது சுத்துல, புது ஊர் கட்ட ஒரு குடியேற்றக் கூட்டத்தைக் காவல் இல்லாம அனுப்பி, காட்டுமிராண்டிகள் கிட்ட பறிகொடுத்தேன். யாரும் பார்க்கலைன்னு நினைச்சு, மூணு டர்ன் முன்னாடி எடுத்த சேவை லோடு பண்ணி, காவலோட அனுப்பி, ஒண்ணும் நடக்காத மாதிரி குறிப்பும் எழுதிட்டேன். பின்னாடி நின்னு எல்லாத்தையும் பார்த்துட்டான் என் மகன். அப்ப அவனுக்கு 12 வயசு. குரூப்புல ஒரே வரி போட்டான்: "அப்பா லோடு பண்ணிட்டார்."

அண்ணன் மகன் திட்டலை. "சித்தப்பா, நாங்க எல்லாம் பண்ணின தப்போட தானே ஆடறோம்?"னு கேட்டான். மானம் போச்சு. கூட்டத்தைப் பறிகொடுத்த ஃபைலையே திரும்ப அனுப்பினேன்.

முன்னாடி ஆண்டவன் மேல பழி

அடுத்து இன்னொரு பாடம். எங்க நாடு இந்தியா, தலைவர் காந்தி. அஞ்சாவது பதிப்புல இந்தியாவுக்கு ஒரு தனிக் குணம். ஒவ்வொரு புது ஊருக்கும் வர்ற மக்கள் அதிருப்தி மத்த நாடுகளை விட ரெண்டு மடங்கு. ஆனா ஊருக்குள்ள ஜனம் பெருகறதால வர்ற அதிருப்தி பாதி தான். அதாவது கம்மி ஊர், பெரிய ஊர்னு ஆடினா நல்லது. முதல்ல ஆடின தங்கச்சி மகள் அதுக்கு ஏத்த மாதிரி 'மரபு'ங்கற கொள்கையை எடுத்தா. மூணாவதா வந்த என் மகன் நிறைய ஊர் கட்டற ஆசையில 'சுதந்திரம்'ங்கற கொள்கையைத் திறந்துட்டான். ஒரு தடவை எடுத்ததை மாத்த முடியாது. ரெண்டும் பாதில நின்னுச்சு. நாலு ஊர் இருக்க வேண்டிய இடத்துல ஏழு. ஜனம் கொந்தளிச்சு, வளர்ச்சி நின்னுச்சு.

அடுத்து ஆட வந்த தங்கமணி என்ன பண்ணியிருக்கணும்? நம்ம ஊர் வழக்கப்படி, "முந்தைய ஆட்சியின் சீர்கேடு"ன்னு ஒரு அறிக்கை விட்டு, கட்டினதை எல்லாம் இடிச்சிருக்கணும் :-) அவங்க அப்படிச் செய்யலை. ஏழு ஊர் இருக்கு, இனி ஏழு ஊரை வச்சுத் தான் குடும்பம் நடத்தணும்னு, ஊர்களுக்கு நடுவுல ரோடு போட்டு, மக்களுக்குச் சந்தோஷம் தர்ற கட்டடமாத் தேடித் தேடிக் கட்டி, அடுத்த நாட்டுக்காரன் கிட்ட பட்டும் மசாலாவும் பண்டமாத்துப் பண்ணி, பத்து டர்ன்ல நாட்டைத் தூக்கி நிறுத்தினாங்க. குறிப்புல என் மகனைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. அதுக்கப்புறம் அவன் ஒரு முடிவு எடுக்கறதுக்கு முன்னாடி பழைய குறிப்புகளை எல்லாம் படிக்க ஆரம்பிச்சான்.

இதெல்லாம் தனியா ஆடினா வராது. தனியா ஆடறப்ப முந்தைய தப்பும் நம்மளது, அடுத்த பலனும் நம்மளது. அடுத்தவன் விட்ட இடத்துல இருந்து, அவன் தப்பையும் சேர்த்து எடுத்துக்கிட்டு, நமக்கு அப்புறம் ஒருத்தன் வருவான்ங்கற நினைப்போட நாட்டை நடத்தறது வேற வித்தை. அந்த வித்தை எந்தக் கணக்கு டியூஷன்லயும் வராது சார்.

பெரியவங்க ஆடின ஆட்டம்

பெரியவங்களுக்கு இது வருதா? கர்நாடகாவைப் பாருங்க. 2006 பிப்ரவரில குமாரசாமி முதல்வர் ஆனார். மதச்சார்பற்ற ஜனதா தளத்துக்கும் பா.ஜ.க.வுக்கும் ஒப்பந்தம்: முதல் 20 மாசம் இவர், அடுத்த 20 மாசம் எடியூரப்பா. கிரிக்கெட்ல 20-20 வந்த நேரம், எல்லாரும் '20-20 சர்க்கார்'னு தான் கூப்பிட்டாங்க. 2007 அக்டோபர்ல முறை மாறணும். மாறலை. அரசு கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்துச்சு. அப்புறம் மனசு மாறி நவம்பர்ல எடியூரப்பாவுக்கு ஆதரவு கொடுத்தாங்க. அவர் நாற்காலியில உக்காந்தது ஏழே நாள். திரும்பக் கவிழ்ந்துச்சு. இருபது மாசம் ஆண்டவருக்கு நாற்காலியை விட்டு எந்திரிக்கற நேரத்துல வந்தது அதே வியாதி. இன்னும் ஒரே ஒரு டர்ன்!

எங்க கேரளாவுல பஞ்சாயத்துத் தலைவர் பதவியை ரெண்டரை வருஷம், ரெண்டரை வருஷம்னு கூட்டணிக்குள்ள பங்கு போடறது சர்வ சாதாரணம். முதல் ரெண்டரை முடியறப்ப ராஜினாமா கடிதம் வாங்கறதுக்குள்ள கட்சிக்காரங்களுக்கு நாக்கு தள்ளிடும்.

முடியவே முடியாத காரியமான்னா அதுவும் இல்லை. சுவிட்சர்லாந்துல ஏழு பேர் கொண்ட குழு தான் நாட்டை நடத்துது. அதுல இருந்து வருஷத்துக்கு ஒருத்தர் தலைவர். அடுத்த வருஷமும் அவரே இருக்க முடியாது.

சுவிட்சர்லாந்து வரைக்கும் போவானேன்? காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919-லயும் 921-லயும் வெட்டினது. நம்ம சங்கத்து மேடைகள்ல வருஷா வருஷம் "அன்றே ஜனநாயகம் கண்டான் தமிழன்"னு இதைத் தான் முழங்கறாங்க. குடவோலை போட்டு ஆள் எடுத்தாங்கங்கறதோட பேச்சை நிறுத்திடுவாங்க. அதுக்கு அடுத்த வரிகளைச் சொல்ல மாட்டாங்க. வாரியத்துல இருக்கறது 360 நாள் தான். முந்தின மூணு வருஷத்துல வாரியத்துல இருந்தவன் பேரைக் குடத்துல போடவே கூடாது. வாரியத்துல இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரும் கூடாது, அவன் நெருங்கின சொந்தக்காரங்க பேரும் கூடாது!

எங்க வீட்டு மூணு விதியில ரெண்டு அங்க கல்லுல இருக்கு பாருங்க. முடிஞ்சா எந்திரி, எந்திரிக்கறப்ப குறிப்பைக் கொடு. 1100 வருஷத்துக்கு முன்னாடி.

ஒண்ணையும் மறைக்காம சொல்லிடறேன். அது பிராமணர் ஊரோட சபை. சொந்த மனை, வரி கட்டற நிலம், வேதப் படிப்பு இருந்தாத் தான் பேரு குடத்துக்குள்ள போகும். எங்க பாட்டன் பேரு போயிருக்காது. பொம்பளைங்க பேரும் போயிருக்காது. அதனால அது இன்னிக்கு நாம சொல்ற ஜனநாயகம் இல்லை. ஆனா நாற்காலியில உக்காந்தவனுக்கு என்ன வியாதி வரும், அதுக்கு என்ன மருந்துன்னு அந்த ஆளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. சோழர் பெருமை பேசற சங்கங்கள்ல எத்தனை பேர் மூணு வருஷம் தள்ளி நிப்பாங்க? கேட்டுப் பாருங்க, அடுத்த பொங்கல் விழாவுக்கு உங்களுக்கு அழைப்பு வராது.

அடுத்தவன் டர்ன்னையும் சேர்த்து ஆடறது

இன்னொரு வகை இருக்கு. எந்திரிச்சுப் போயிடுவாங்க. ஆனா போறதுக்கு முன்னாடி, அடுத்து வர்றவன் எல்லாரோட கையையும் கட்டிட்டுப் போவாங்க.

உடும்பஞ்சோலை தாலுகாவுல ராமக்கல்மேடுன்னு ஒரு இடம். காத்து ஆளைத் தூக்கும். உச்சியில நின்னு கிழக்கே பார்த்தா கம்பம் பள்ளத்தாக்கு பாய் விரிச்ச மாதிரி பச்சையாக் கிடக்கும். அந்தப் பச்சை, முல்லைப் பெரியாறு தண்ணி. 1886-ல திருவிதாங்கூர் ராஜாவும் வெள்ளைக்கார சர்க்காரும் போட்ட ஒப்பந்தம். பென்னிகுயிக் அணை கட்டி முடிச்சது 1895. குத்தகை எவ்வளவு காலம் தெரியுமா? 999 வருஷம். எங்க ஆட்டத்துல அடுத்த நாட்டோட எந்தப் பண்டமாத்து ஒப்பந்தம் போட்டாலும் 30 டர்ன். அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து திரும்பப் பேசணும். ஆட்டமே 2050-ல முடிஞ்சுடும். இந்தக் குத்தகை அதுக்கு அப்புறமும் 800 வருஷத்துக்கு மேல போகும்!

நான் யார் பக்கமும் பேசலை. தண்ணியை நம்பி நெல்லு போடற கம்பத்துக்காரனும் என் சொந்தம். அணைக்குக் கீழ பயந்துக்கிட்டுப் படுக்கற இடுக்கிக்காரனும் என் சொந்தம். 1970-ல ஒரு தடவை ரெண்டு மாநிலமும் உக்காந்து குத்தகைப் பணத்தை ஏக்கருக்கு 5 ரூபாயில இருந்து 30 ரூபாயா மாத்தினாங்க. அப்புறம் கோர்ட்டு தான். 2014-ல உச்ச நீதிமன்றம் 142 அடின்னு சொல்லிச்சு, சண்டை ஓயலை. முப்பது வருஷத்துக்கு ஒரு தடவை உக்காந்து பேசியே ஆகணும்னு 1886-லயே எழுதியிருந்தா, பேசற பழக்கமாவது இருந்திருக்கும்.

அதே தண்ணி கீழ மதுரைப் பக்கம் போனதும் வேற மாதிரி நடக்குது. வைகை அணையில தண்ணி கம்மியானா முறை வச்சு விடுவாங்க. இத்தனை நாள் இந்த வாய்க்காலுக்கு, அத்தனை நாள் அடைப்பு, அப்புறம் அடுத்தவங்களுக்கு. தன் முறை முடிஞ்சா மடையை அடைக்கணும். அடைக்கலைன்னா கடைமடைக்காரன் மம்பட்டியோட வந்து நிப்பான். படிக்காத விவசாயிக்குத் தெரிஞ்ச நியாயம் இது. தமிழ்ல டர்ன்னுக்கும் முறைன்னு தான் பேரு, ஒழுங்குக்கும் முறைன்னு தான் பேரு, உறவுக்கும் முறைன்னு தான் பேரு. சும்மா வச்சிருக்க மாட்டாங்க.

இனி என் வீட்டுக் கதை

இதுவரைக்கும் ஊரான் குத்தம். இப்ப என் குத்தம். வெளிநாட்டுல இருக்கற நம்ம எல்லாருக்கும் இது பொருந்தும்னு தான் சொல்றேன்.

எங்க ஏலத்தோட்டத்தை அப்பாவுக்கு அப்புறம் அண்ணன் பார்த்துக்கிட்டார். 2019 ஆகஸ்ட்ல புத்தடி ஏலத்துல ஏலக்காய் கிலோ 7000 ரூபாய் வரைக்கும் போச்சு. நான் இங்க இருந்து "இருக்கற எடம் பூரா ஏலம் நடுங்க"ன்னு போன் பண்ணினேன். ஏலச்செடி நட்டா காய் பறிக்க மூணு வருஷம் ஆகும். அந்தச் செடி காய்க்கறப்ப விலை ஆயிரம் ரூபாயைச் சுத்தி விழுந்து கிடந்துச்சு. நான் குறிப்பு எழுதலை :-( அண்ணனும் ஒண்ணும் சொல்லலை.

2024 கோடையில வறட்சி. இடுக்கி மலையில ஏலத்தோட்டம் ஏலத்தோட்டமா காஞ்சு போச்சு. எங்களோடதும் பாதிக்கு மேல போச்சு. அண்ணனுக்கு முட்டி வலி, "இனி பையன் பார்க்கட்டும்"னு சாவியைக் கொடுத்துட்டார். அவர் எந்திரிச்சுட்டார். நான் எந்திரிக்கலை.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வீடியோ கால். "கேமராவைக் கொஞ்சம் இடது பக்கம் காட்டு. அந்த மரத்தை ஏன் கழிக்கலை? ஸ்டோர்ல யாரு நிக்கறா? இந்த மாசம் உரம் எவ்வளவு?" அவனுக்கு ஒரு திட்டம் இருந்துச்சு. மேட்டுல பிளாஸ்டிக் விரிச்ச படுதாக் குளம் வெட்டி மழைத் தண்ணியைச் சேர்க்கணும். காஞ்சு போன பகுதியில எல்லாம் ஏலமே வேண்டாம், கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காப்பி. நான் ஒத்துக்கலை. "ஏலம் தான் நம்ம தொழில், விலை திரும்ப ஏறும், நான் பணம் அனுப்பறேன், ஆனா ஏலம் தான் நடணும்"னேன். பணம் என்னோடது, அதனால மவுஸும் என் கையில. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்குப் பக்கமா தள்ளி உக்காந்து, மழையும் வெயிலும் படாம, அடுத்தவன் டர்ன்னை ஆடிக்கிட்டு இருந்தேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை அவன் பொறுமையா எல்லாத்தையும் கேட்டுட்டுச் சொன்னான்: "சித்தப்பா, இது என் பத்து."

அவ்வளவு தான் சொன்னான். பக்கத்துல இருந்த தங்கமணி என்னைப் பார்த்த பார்வை இருக்கே... என் மகன் வேற, "அப்பா, பத்து முடிஞ்சிருச்சு, எந்திரிங்க"ன்னு சிரிச்சான். எனக்குச் சிரிப்பு வரலை. ரெண்டு நாள் அவன் கிட்ட பேசலை. மூணாவது நாள், நிபந்தனை எதுவும் போடாம பணத்தை அனுப்பிட்டு, "வருஷத்துக்கு ஒரு தடவை குறிப்பு எழுதி அனுப்பு, போதும்"னேன். "அது நம்ம ரூல் தானே சித்தப்பா"ன்னான்.

குளம் வெட்டியாச்சு. மிளகுக் கொடி மரத்துல ஏறிக்கிட்டு இருக்கு. ஜெயிப்பானா, தோப்பானா, இன்னும் தெரியாது. மிளகும் உடனே காய்க்கிற பயிர் இல்லை. தோத்தாலும் அது அவன் தப்பா இருக்கட்டும், அந்தத் தப்போட அவன் ஆடட்டும். நான் 2019-ல பண்ணின தப்போட தான் அவன் இப்ப ஆடிக்கிட்டு இருக்கான்.

எதிர்க் கேள்விகள்

"மாத்தி மாத்தி ஆடினா ஒரு நோக்கமே இருக்காதே? ஒரே கை ஆடினாத் தானே ஜெயிக்க முடியும்?" உண்மை தான். எங்க முதல் ஆட்டத்துல தோத்தோம். அதே ஆட்டத்தை நான் தனியா ஆடியிருந்தா ஒருவேளை ஜெயிச்சிருப்பேன். ஆனா நான் தனியா ஜெயிச்ச எந்த ஆட்டமும் எனக்கு இப்ப ஞாபகம் இல்லை. அந்தத் தோத்த ஆட்டம் அஞ்சு பேருக்கும் டர்ன் டர்ன்னா ஞாபகம் இருக்கு. அப்புறம், சொத்தும் சங்கமும் நாடும் தனியா ஆடற ஆட்டம் இல்லை. நாம விரும்பினாலும் விரும்பாட்டியும் அடுத்தவன் கைக்குப் போகத் தான் போகுது. நாம எந்திரிச்சுக் கொடுக்கறோமா, இல்லை நம்மளைத் தூக்கிட்டுப் போனப்புறம் எடுத்துக்கறாங்களாங்கறது மட்டும் தான் நம்ம கையில.

"கேம் எல்லாம் பசங்களைக் கெடுக்குது." தனி ரூம்ல கதவைச் சாத்திக்கிட்டு விடிய விடிய ஆடினா கெடுக்கும், நானும் ஒத்துக்கறேன். அந்த ஒன் மோர் டர்ன் வியாதியே அங்க தான் வளருது. அதனால தான் சொல்றேன், கதவைத் தட்டிட்டு உள்ள போய் ஒரு பத்து கேளுங்க. ஊர்ல இருக்கற அண்ணன் மகனையும் தங்கச்சி மகளையும் சேர்த்துக்கோங்க. வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் ஏர்போர்ட்ல "இவங்க தான் உன் பெரியப்பா"ன்னு அறிமுகம் பண்றதை விட, ஒரு நாட்டைச் சேர்ந்து ஆண்டு, சேர்ந்து கெடுத்து, சேர்ந்து சரி பண்ணின பசங்க நாளைக்கு சொத்துக்கு அடிச்சிக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பாங்க. தங்கச்சி மகள் இப்ப குறிப்பைத் தமிழ் எழுத்துலயே எழுதறா. அது கூடுதல் லாபம்.

"ஜெயிச்சது யாரு?"ன்னு கேட்டார் இல்லையா அந்தப் பெரியவர்? சார், ஏழு ஊர் வச்சுக்கிட்டுத் தவிச்ச நாட்டை ஏத்துக்கிட்டு, யாரையும் குத்தம் சொல்லாம பத்து டர்ன் நடத்தி, ஒழுங்காக் கணக்கு எழுதி, அடுத்தவன் கிட்டக் கொடுத்துட்டு, தோசை சுடப் போனாங்களே எங்க வீட்டுத் தங்கமணி, அவங்க தான் ஜெயிச்சாங்க. உங்க சங்கத்துக்கு அப்படி ஒருத்தர் கிடைச்சிருந்தா வங்கிப் புத்தகம் நாலு மாசம் அலமாரியில தூங்கியிருக்காது.

டிஸ்கி: இது எந்தத் தனிப்பட்ட சங்கத்தையும் குறிப்பிடறது இல்லை. உங்க சங்கம் மாதிரியே இருக்குன்னா அதுக்கு நான் பொறுப்பில்லை :-)

இன்னிக்கு ராத்திரி புது ஆட்டத்துல என் முறை. ஃபைல் வந்து ரெண்டு நாள் ஆச்சு, குரூப்புல திட்டறாங்க. பத்தே பத்து ஆடிட்டு, குறிப்பை எழுதிட்டு, எந்திரிச்சிடறேன். வர்ட்டா?